வாரச் சமையலை முன்கூட்டியே செய்வது: எது தாங்கியது, எது தாங்கவில்லை

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், அப்புறம் அத்தை. காலையில் டிபனும் வேண்டும், மதியத்துக்கு நான்கு டப்பாவும் நிரம்ப வேண்டும், பள்ளி வேன் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கவும் வேண்டும். இதற்காகச் சில வருடங்களாக வாரச் சமையலின் ஒரு பகுதியை முன்கூட்டியே செய்துவைத்து வருகிறோம். கண்டுகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழம்பு, பொரியல், சாதம் என்று முழுதாகச் சமைத்து அடுக்கி வைப்பது நம் சாப்பாட்டுக்குச் சரிப்படவில்லை. உரிப்பது, நறுக்குவது, அரைப்பது, வேகவைப்பது வரை முடித்துவிட்டுத் தாளிப்பையும் தேங்காயையும் அன்றைக்கே செய்தால் நன்றாகவே சரிப்படுகிறது.

யூடியூபில் ஞாயிற்றுக்கிழமை இருபது டப்பாவை வரிசையாக நிரப்பிக் காட்டுவார்கள். ஆரம்பத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். செவ்வாய்க்கிழமை வரை வண்டி ஓடியது. அதற்குள் பீன்ஸ் பொரியல் நீர்விட்டுக் குழைந்திருந்தது, முட்டைக்கோஸ் டப்பாவைத் திறந்தால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். அத்தை மட்டும் எதுவும் குறை சொல்லாமல், "இது எப்ப வெச்சது, கண்ணு?" என்று கேட்டுவிட்டுத் தயிரை ஊற்றிக்கொள்வார். அந்தக் கேள்வியில் எல்லா மதிப்பெண்ணும் வந்துவிடும். தேங்காய் அரைத்த கூட்டும் குருமாவும் இரண்டாம் நாளே மணம் மாறிவிடும், சட்னியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உருளைக்கிழங்கு போட்ட எதையும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்து உருகும்போது கிழங்கின் உள்ளிருக்கும் நீர் பிரிந்து, கடித்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

சாதம் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துவிடக் கூடியவை. வடித்த சாதம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே அடுப்படியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கலாம். அப்படி உண்டாகும் ஒருவகை நச்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. அதனால் மறுநாள் எலுமிச்சை சாதத்துக்கு என்று எடுத்து வைப்பதாக இருந்தால், சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுகிறேன். மறுநாளைக்கு மேல் அதைத் தொடுவதில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த சாதம் விறைத்து உதிரி உதிரியாக வருவது கலந்த சாதத்துக்கு வசதிதான். ஆனால் அதில் ரசம் ஊற்றிப் பிசைந்து பாருங்கள், தெரியும் சேதி. வெறும் சாதம் வடிக்க அரைமணி நேரம் போதும், அதைப் போய் எதற்கு முன்கூட்டியே செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

இனி தாங்கியவை. முதலிடம் சின்ன வெங்காயத்துக்குத்தான். கொங்குச் சமையலில் அது இல்லாத குழம்பு அபூர்வம், காலை நேரத்தைத் தின்பதும் அதுதான். உரித்த வெங்காயத்தைக் கழுவாமல், பருத்தித் துணி விரித்த எவர்சில்வர் டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாலில் வெங்காய வாடை ஏறி, காப்பி குடிக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். பூண்டும் இதே கணக்கு. ஆனால் உரித்த பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கும் பழக்கம் வேண்டாம். காற்றுப் புகாத அந்த இடத்தில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சு உருவாக வழியுண்டு. இஞ்சி பூண்டு விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டிகளாக எடுத்துக்கொள்கிறோம்.

முருங்கைக்கீரைக்கு அத்தையின் வழிதான். இரவு கொத்தோடு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால் காலையில் உதறும்போது பாதிக்கு மேல் இலைகள் தானாகவே உதிர்ந்திருக்கும். ஆய்கிற வேலையே குறைந்துவிடுகிறது. ஆனால் சமைத்த கீரையை ஒரு வேளைக்கு மேல் வைப்பது எங்கள் வீட்டில் கிடையாது.

ஃப்ரீசரில் எதற்கு இடம் கொடுப்பது என்பதைச் சந்தையைப் பார்த்தே முடிவு செய்கிறோம். கோடையில் மலிந்து கிடக்கும் முருங்கைக்காய் மார்கழி, தையில் யானை விலை விற்கும். மலிவான நேரத்தில் விரல் நீளத்துக்கு நறுக்கி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, ஈரம் துடைத்து உறையவைத்தால் மாதக்கணக்கில் வரும். பனி விடும்வரை காத்திருக்காமல் அப்படியே கொதிக்கும் சாம்பாரில் போடலாம். தை மாதத்துப் பச்சை மொச்சையும் ஊட்டிப் பட்டாணியும் இதே மாதிரிதான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அதற்கு முன்பு மலிவாகக் கிடைத்தபோது வதக்கிச் சுண்டவைத்த தொக்கு எங்களிடம் மூன்று டப்பா இருந்தது. அந்த மாதம் பக்கத்து வீட்டில் எங்களுக்கு இருந்த மரியாதையே தனி.

துருவிய தேங்காய் உறைந்தும் கெடுவதில்லை என்பது எனக்கே ஆச்சரியம். அரைத்துக் குழம்பில் சேர்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. பொரியல் மேல் தூவினால் மட்டும் கொஞ்சம் வறட்சி தெரிகிறது.

பருப்பையும் பயறையும் வேகவைத்து வைப்பதுதான் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்துகிறது. குக்கரில் துவரம்பருப்பு வெந்ததும் இரண்டு மூன்று சிறிய பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அவற்றைத் தண்ணீர் நிறைந்த அகலமான தாம்பாளத்தில் நிறுத்திச் சூட்டை இறக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். பெரிய குண்டானை அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும், சுற்றியிருக்கும் பொருளுக்கும் சூடேறும். ஃப்ரிட்ஜின் உள்ளே 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் இந்தப் பருப்பு மூன்று நாள் வரும். கொள்ளு இன்னும் நல்ல பிள்ளை. ஞாயிறு இரவு வேகவைத்தால் வடித்த நீர் திங்கட்கிழமை ரசம். வெந்த கொள்ளு செவ்வாய்க்கிழமை வறமல்லி, சீரகம், மிளகாய், பூண்டோடு அரைபட்டுக் கொள்ளுப் பருப்பாகும். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு மூன்று பங்கு அரிசி, ஒரு பங்கு துவரம்பருப்பு என்று உலர்வாகவே அளந்து டப்பாவில் போட்டு வைத்துவிட்டால், அவசர நாளில் கழுவி ஊறப்போடுவதும் தாளிப்பதும்தான் பாக்கி.

இட்லி மாவைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும். அரைத்த மாவு முழுவதையும் புளிக்கவிடாமல், பாதியை அரைத்த கையோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, வேண்டிய நாளுக்கு முந்தின மாலை வெளியே எடுத்துப் பொங்கவிடுகிறோம். வாரக் கடைசியிலும் மாவு கடும்புளிப்பாக இருப்பதில்லை. மார்கழிக் குளிரில் இது கொஞ்சம் தகராறு செய்யும். ஃப்ரிட்ஜில் இருந்து வந்த மாவு பொங்க இரவு முழுக்கப் போதாது, மதியமே எடுத்து வைக்க வேண்டும்.

முழுதாகச் சமைத்தே வைக்கக்கூடியவை என்றால் புளியும் நல்லெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்தவைதான். வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல், கறிவேப்பிலைத் தொக்கு. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பதை நான் சொல்லியா தெரிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் பொது எதிரி ஈரக் கரண்டி. எங்கள் வீட்டில் புளிக்காய்ச்சல் டப்பாவுக்குள்ளேயே யாரும் கை வைக்கக் கூடாது, ஒரு வாரத்துக்கு வேண்டியதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுப்பேன்.

பாத்திரங்களைப் பொறுத்தவரை, ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா ஒரு வரிசை மஞ்சள் கறை ஏறி, ஃப்ரீசர் குளிரில் மூடியும் விரிசல் விட்டுவிட்டது. இப்போது பாத்திரக்கடையில் எடைக்கு வாங்கிய எவர்சில்வர் டப்பாக்கள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் குறை. மூடியில் காகிதப் பட்டை ஒட்டிப் பெயரும் கிழமையும் எழுதுகிறோம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐஸ் மலையைக் கரைக்க நிறுத்தும்போது உள்ளே இருப்பதும் சேர்ந்து உருகும். அதனால் அன்றைக்குச் சமைத்துத் தீர்க்கக்கூடிய அளவுக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

இதில் என் பெரிய மனத்தாங்கல் சமையலைப் பற்றியது கிடையாது. ஞாயிறு முழுக்க அடுப்படியில் நின்றால் வாரத்தில் ஆறு நாள் ஆபீஸ், ஏழாம் நாள் பட்டறை என்று ஆகிவிடுகிறது, அதுவும் வீட்டுப் பெண்களுக்கு மட்டும். இதைச் சொல்லி ஒருநாள் நல்ல வாக்குவாதமே நடந்தது. அப்புறம் வேலையைப் பிரித்தோம். வெங்காயமும் பூண்டும் கணவர் பொறுப்பு, கிரிக்கெட் பார்த்துக்கொண்டே உரித்துவிடுவார். கிரைண்டர் அத்தையுடையது, அதை வேறு யாரும் தொட முடியாது. பெரியவள் டப்பாக்களுக்குப் பெயர் எழுதுவாள். காய் நறுக்குவதை ஞாயிறு ஒருமுறை, புதன் மாலை ஒருமுறை என்று உடைத்துவிட்டோம். புதன்கிழமை நறுக்கிய கேரட் வெள்ளிக்கிழமையும் மொறுமொறுப்பாகவே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நறுக்கியது அப்படி இருந்ததில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் டப்பா செட் எதுவும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் சின்ன வெங்காயத்தையும் துவரம்பருப்பையும் மட்டும் தயாராக வைத்துப் பாருங்கள். உரித்த வெங்காயம் வெள்ளிக்கிழமை வரை உங்கள் ஃப்ரிட்ஜில் தாங்கவில்லை என்றால், முதலில் அதன் குளிர் அளவைத்தான் சரிபார்க்க வேண்டும்.