மரமா, ஃபைபரா? படகு சும்மா கிடக்கும் நாள்களை எண்ணிப் பாருங்கள்

2024 தொடக்கத்தில், மலேசியாவில் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய படகு வாங்குவது என்று முடிவானது. மீன் பிடிக்க எனக்கு ஆசை. பிள்ளைகளைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே படகுதான் முடியும், அதுவும் பழையதுதான் முடியும்.

கடைசியில் என் முன்னால் மூன்று நின்றன. முதலாவது, நிபோங் தெபால் மாமாவின் 22 அடி மரப் படகு. யன்மார் டீசல் இஞ்சின், 7,500 வெள்ளி (ரிங்கிட்). இரண்டாவது, தெலுக் கும்பாரில் ஒரு மீனவர் விற்ற 18 அடி ஃபைபர் படகு. பின்னால் 40 எச்பி யமஹா டூ-ஸ்ட்ரோக், ட்ரெய்லரோடு 14,000. மூன்றாவது, பத்து மாவுங் என்ற ஊரில் இருந்த 16 அடி அலுமினியப் படகு. ஃபோர்-ஸ்ட்ரோக் இஞ்சின், 19,000. நான் வாங்கியது ஃபைபர். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாயும், தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அலுமினியத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நண்பர் ஒருவரின் அலுமினியப் படகில் இரண்டு தடவை போயிருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். எடை குறைவு, சின்ன காரே இழுத்துவிடும். ஆனால் வெயிலில் தகடு கொதிக்கிறது, அலை அடித்தால் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் சத்தம். செம்பு, பித்தளைச் சாமான் எதையாவது அதில் நேராக முடுக்கிவிட்டால், உப்பு நீரில் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆற்றிலும் ஏரியிலும் தூண்டில் போடுகிறவருக்கு நல்ல படகு. எனக்கு விலையும் எட்டவில்லை.

உண்மையான போட்டி மரத்துக்கும் ஃபைபருக்கும்தான்.

மரப் படகு எனக்குப் பிடித்தமானது. பத்து வயதில் மாமாவோடு முதன்முதலாகக் கடலுக்குப் போனதும் மரப் படகில்தான். செங்கால் என்ற கடின மரத்தில் செய்த படகு கனமாகத் தண்ணீரில் உட்காரும். பக்கவாட்டில் அலை வந்தாலும் சட்டென்று துள்ளாது, மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும். கடலுக்குப் பழகாதவர்கள், குறிப்பாக என் அம்மா மாதிரி கையைப் பிடித்துக்கொண்டே உட்காரும் ஆள்கள், அதில் பயமில்லாமல் இருப்பார்கள். டீசல் இஞ்சின் கொஞ்சமாகக் குடிக்கும். பெட்ரோல் ஆவி கிடையாது என்பதால் தீப்பற்றும் பயமும் குறைவு. இத்தனை நல்ல குணங்கள் இருப்பதால்தான் மாமா, "வாங்குறதுக்கு முன்னாடி ஆறு மாசம் ஓட்டிப் பாரு மாப்பிள்ளை" என்று சொன்னபோது உடனே சரி என்றேன்.

அந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். நான் வேலை செய்வது பேராக் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், ஷிப்ட் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு கடலுக்குப் போனால் அது நல்ல மாதம். அப்படியென்றால் 28 நாள் படகு சும்மா கிடக்கிறது. புரட்டாசி வந்தால் வீட்டில் மீன் கிடையாது. தூண்டிலைத் தொட்டாலே அம்மா முகம் சுளிப்பார். புரட்டாசி முடிந்து மூச்சு விடுவதற்குள் தீபாவளி வேலை. சேர்த்துப் பார்த்தால் ஆறு ஏழு வாரம் படகு பக்கமே போக முடியாது. படகு வாங்கும்போது எல்லோரும் அது ஓடும் நாளைத்தான் யோசிக்கிறோம்: என்ன வேகம், எத்தனை பேர் ஏறலாம், எத்தனை லிட்டர். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது ஓடாத நாள்தான் அதிகம். அந்த நாள்களில் படகுக்கு என்ன ஆகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

மரப் படகு தண்ணீரிலேயே கிடந்தால் என்ன ஆகும்? அடியில் கொட்டலசு, அதாவது ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடல் உயிரி, பிடிக்கும். மலாயில் தெரித்திப் என்றால்தான் இங்கே எல்லோருக்கும் புரியும். மூன்று வாரம் விட்டாலே அடிப்பலகை சொரசொரப்பாகி, படகு யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் ஓடும். அது கண்ணுக்குத் தெரியும் எதிரி. தெரியாத எதிரி கப்பல் புழு. புழு என்று பெயரே தவிர, அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. ஊசி நுழையும் ஓட்டையில் உள்ளே போய், மரத்துக்குள் விரல் மொத்தத்துக்குச் சுரங்கம் தோண்டும். வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும். இதனால்தான் படகைக் கரையேற்றி, காயவைத்து, அடியை ஓலைத் தீயில் வாட்டி, புதிதாகப் பெயிண்ட் அடிப்பார்கள். உலர்ந்தால் புழு செத்துவிடும்.

ஆனால் உலர்ந்தால் பலகையும் சுருங்கும். மரப் படகின் பொருத்து இறுகி நிற்பதே தண்ணீரில் மரம் ஊறி உப்புவதால்தான். தண்ணீரில் விட்டால் புழு, கரையில் விட்டால் விரிசல். தினமும் கடலுக்குப் போகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. இரண்டு மூன்று நாள் ஏற்றி, வாட்டி, பூசி, உடனே இறக்கிவிடுவார். என்னால் முடியவில்லை.

2024 செப்டம்பரில், புரட்டாசி பிறப்பதற்கு முன்னால், மாமா சொன்னபடி சுங்கை உடாங் பக்கம் படகைக் கரையேற்றினோம். ஒரு வாரத்தில் பெயிண்ட் அடித்து இறக்குவதாகத் திட்டம். முதல் வாரம் எனக்கு ஷிப்ட் மாறியது. இரண்டாவது வாரம் மழை. அப்புறம் பையனுக்குக் காய்ச்சல், அப்புறம் தீபாவளி. நவம்பர் முதல் ஞாயிறு போய்ப் பார்த்தபோது, அடியிலிருந்து மூன்றாவது பலகைக்கும் நாலாவது பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மீன் வெட்டும் கத்தியின் முனையை வைத்துப் பார்த்தேன், தடையே இல்லாமல் உள்ளே போனது. பலகை இடுக்கை அடைக்கக் கலப்பத்து அடித்திருந்த பஞ்சும் சுண்ணாம்புப் பூச்சும் காய்ந்து, விரலால் தட்டியதும் கட்டியாக விழுந்தன. மகள் படகுக்கு உள்ளே உட்கார்ந்து, வெளியே நின்ற என்னை அந்த இடுக்கு வழியாகப் பார்த்து, "அப்பா, உங்க சட்டை தெரியுது" என்றாள்.

அன்றைக்கே என் முடிவு பாதி ஆகிவிட்டது. மாமாவுக்கு வருத்தம்தான். "ரெண்டு நாள் தண்ணியில முக்கி வெச்சா மூடிக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மை, பெரும்பாலும் மூடிக்கொண்டது. ஆனால் அந்த இரண்டு நாளும் யாராவது பக்கத்தில் இருந்து நீர் இறைக்க வேண்டும். ஷிப்டில் இருக்கிறவன் எப்படி இறைப்பது?

டீசல் மலிவு என்று மாமா சொன்ன கணக்கும் அந்த வருஷம் மாறிப்போனது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் எடுக்கப்பட்டு, லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. உரிமம் உள்ள மீனவர்களுக்கு 1 வெள்ளி 65 காசு விலை தொடர்ந்தது. என்னைப் போல் பொழுதுபோக்குக்குப் போகிறவன் அந்த வரிசையில் நிற்க முடியாது. அப்போது ரோன்95 பெட்ரோல் 2 வெள்ளி 5 காசு. டீசல் இஞ்சின் குறைவாகக் குடிப்பது இன்னமும் உண்மைதான், ஆனால் அதற்காகவே மரப் படகு வாங்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்கவில்லை.

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறை பக்கத்துக் கரையில் இன்னொன்றும் உண்டு. கடல் வற்றும் நேரத்தில் எங்கு பார்த்தாலும் சேறு. மரப் படகைத் தள்ளும் விசிறி அடியிலேயே நிலையாக இருக்கும், தூக்க முடியாது. நேரம் தப்பினால் பெருக்கு வரும்வரை பிள்ளைகளோடு சேற்றில் உட்கார வேண்டியதுதான். ஃபைபர் படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்ட் இஞ்சின் என்றால், அதைச் சாய்த்துத் தூக்கிவிட்டு, துடுப்பால் தள்ளிக்கொண்டே வந்துவிடலாம்.

ஃபைபர் படகு ஓடாத நாள்களில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்), வீட்டு வாசலில், ட்ரெய்லர் மேல் கிடக்கிறது. மேலே ஒரு தார்ப்பாய். கொட்டலசு இல்லை, புழு இல்லை, பலகை சுருங்கும் பேச்சில்லை. சிம்பாங் அம்பாட்டிலிருந்து புக்கிட் தம்புனுக்கு இழுத்துக்கொண்டு போனால் அங்கிருந்து படகில் புலாவ் அமான் தீவு பத்துப் பதினைந்து நிமிஷம். பிள்ளைகள் கரையில் விளையாடுவார்கள், பெரியவர்கள் இறால் மீ சாப்பிடலாம். தெற்கே புலாவ் கெண்டி தீவுப் பக்கம் போக ஆசை வந்தால், பினாங்குத் தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் ஏறி பத்து மாவுங்கில் இறக்கலாம். ஜெட்டியில் கட்டிய படகுக்கு இந்த வசதி கிடையாது, அது கட்டிய இடத்திலிருந்துதான் புறப்பட வேண்டும்.

இதற்கு விலை, ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பியதும் அரை மணி நேர வேலை. இஞ்சினின் நீர் உறிஞ்சும் வாயில் ரப்பர் கவ்வியை மாட்டி, குழாய்த் தண்ணீர் விட்டு, பத்து நிமிஷம் ஓட விடுவேன். உள்ளே உப்பு தங்கினால் குளிரூட்டும் பாதை அடைத்துக்கொள்ளும். பக்கத்துத் துளையிலிருந்து நீர் நூல் மாதிரி நேராகப் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பம்பின் ரப்பர் இதழ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். என்ன களைப்பாக இருந்தாலும் இதை நான் விடுவதில்லை. பையன்தான் குழாய் திறப்பான்.

ஃபைபரிலும் ஒரு மறைவிடம் இருக்கிறது. இஞ்சின் மாட்டும் பின்பலகை பார்க்க முழுக்க ஃபைபர்போல் இருக்கும், பெரும்பாலான பழைய படகுகளில் உள்ளே இருப்பது பிளைவுட். போல்ட் ஓட்டை வழியாக நீர் இறங்கினால் அது உள்ளேயே இற்றுப்போகும். ஆக, மரத்தை வேண்டாம் என்று வந்தாலும் மரம் அங்கேயும் காத்திருக்கிறது. தெலுக் கும்பார் படகைப் பார்க்கப் போனபோது ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பின்பலகையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். டொக் டொக் என்று வந்த சத்தம், கீழ் போல்ட் பக்கம் தொப் என்று அமுங்கியது. இஞ்சினைச் சாய்த்துத் தூக்கி, அதன் கால் மேல் என் எடையைக் கொடுத்து அழுத்தியபோது பலகை லேசாக அசைந்தது. போல்ட்டைக் கழற்றியதும் தேத்தண்ணி நிறத்தில் நீர் வழிந்தது. விற்றவர் நேர்மையானவர், மறைக்கவில்லை. 1,500 வெள்ளி குறைத்தார். உள்பக்கம் வெட்டி, புது பிளைவுட் வைத்து, ஃபைபர் போர்த்த எனக்கு 1,800 வெள்ளி ஆனது. ஒரு தடவை முடிந்த செலவு. மரப் படகில் அதே பணம் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

இரண்டு ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா என்று கேட்பார்கள். நான் டூ-ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டேன். புகை உண்டு, சத்தம் உண்டு, குடியும் அதிகம். பின்னால் உட்கார்ந்தால் மனைவிக்குத் தலை வலிக்கிறது, அதனால் அவர் முன்பக்கம்தான். ஆனால் அதே 40 எச்பியில் ஃபோர்-ஸ்ட்ரோக் 20 கிலோவுக்கு மேல் கனம் கூடும். பழைய படகின் பின்பக்கம் அமுங்கி, அலை ஏறிவர இடம் கொடுக்கும். புதுப் பின்பலகை என்றாலும் எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. ஃபோர்-ஸ்ட்ரோக்கை வருஷக்கணக்கில் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

ஃபைபரில் எனக்குக் குறையாகப் படுவது அலையில் அதன் துள்ளல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலையில் சுமாத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் காற்றும் மழையும் வட மலாக்கா நீரிணையில் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தச் சமயத்தில் மரப் படகில் இருந்தால் மனம் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அதனால் பிள்ளைகள் வரும் நாளில் நான் எட்டரை மணிக்கு முன் இறக்குவதில்லை. மேற்கு வானம் கறுத்திருந்தால் அன்றைக்குப் பயணமே இல்லை. உயிர்காப்புச் சட்டை ஆளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில். மார்பில் இறுகாத பெரியவர் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்றுவிடும்.

மீனவர் படகு வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் எண்ணைப் பாருங்கள். பினாங்கில் பிபிஎஃப் என்று தொடங்கும் எண் இருந்தால் அது மீன்வளத்துறை உரிமம் பெற்ற படகு. அந்த உரிமம் படகோடு சேர்ந்து தானாக உங்கள் கைக்கு வராது. துறையில் நேரில் கேட்டு, விற்பவர் பெயரில் உள்ளதை முறையாக முடித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு இதற்கே மூன்று வாரம் ஆனது.

மாமாவின் படகைக் கடைசியில் ஒரு மீனவர் வாங்கினார். ஞாயிறு உட்பட தினமும் கடலுக்குப் போகிறவர். போன மாதம் சுங்கை உடாங் போயிருந்தபோது ஜெட்டியில் அதைப் பார்த்தேன். "ஏறிப் பாருங்க பாங் (அண்ணே)" என்று மலாயில் கூப்பிட்டார். தரைப்பலகையைத் தூக்கிக் காட்டினார். கத்தி நுழைந்த அந்த இடுக்கு எது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. அடியில் ஒரு மைலோ டின் அளவு நீர்தான் கிடந்தது, அதுவும் முந்தின இரவு பெய்த மழை என்றார்.