பேக்கேஜில் வராத பாதம்

இந்த முறை ஊருக்குப் போனதும் அம்மாவைக் கும்பகோணத்தில் ஒரு தனியார் லேபுக்கு மாஸ்டர் செக்கப்புக்குக் கூட்டிப்போனோம். ஏசி, டோக்கன், சாப்பிட்டபின் எடுக்கும் ரத்தத்துக்காக இட்லிகூட அவர்களே கொடுத்தார்கள். மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ஈசிஜி, வயிற்று ஸ்கேன் என்று பைல் கனமாகத்தான் இருந்தது. ஆனால் பல வருஷ சுகர் பேஷண்டின் காலை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. லண்டனில் சுகர் உள்ளவர்களுக்கு வருஷம் ஒருமுறை சாக்ஸைக் கழற்றிப் பார்ப்பது வழக்கம். கேட்டேன். "பேக்கேஜ்ல வராது சார்."

தெரிந்தவர் சொன்ன சுகர் கிளினிக்கில் உட்கார இடமில்லை, மின்விசிறியும் பேருக்குத்தான். ஆனால் வேலை தெரிந்தவர்கள். நர்ஸ் முதலில் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து சேற்றுப்புண், ஆணி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். அது வளையும்வரை அழுத்தினால் 10 கிராம் விசை. "கண்ணை மூடிக்குங்கம்மா, பட்டா சொல்லுங்க." மற்ற இடங்களில் சொன்ன அம்மா, கட்டைவிரலடியில் வாயே திறக்கவில்லை. அழுத்தி எடுத்தாயிற்று, இவர் "ம், வைம்மா" என்கிறார்!

அடுத்து பயோதீசியோமீட்டர். அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எத்தனை வோல்ட்டில் அது காலுக்குத் தெரிகிறது என்று பார்க்கும் கருவி. 25 வோல்ட்டைத் தாண்டினால் புண் வரும் ஆபத்து அதிகம். அம்மாவுக்கு வலது காலில் 31. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்ததில் ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது, அதுவரை நிம்மதி. எல்லாம் அரை மணி நேரத்துக்குள். கட்டணம் செக்கப் பில்லில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"கால் வலியே இல்ல டாக்டர்" என்று அம்மா பெருமையாகச் சொல்ல, "அதாம்மா பிரச்சினை" என்றார் டாக்டர். முள் குத்தினாலும் தெரியாதே. ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கணும், உச்சி வெயிலில் கோயில் பிராகாரம் சுற்றக்கூடாது, வீட்டுக்குள்ளும் எம்சிஆர் செருப்பு, ஆறு மாதத்தில் மறுபடி பரிசோதனை. எம்சிஆர் என்பது தொழுநோயில் மரத்துப்போன பாதங்களுக்காக நம் நாட்டில் புழக்கத்துக்கு வந்த மெத்தென்ற ரப்பர்.

குறை என்றால் செருப்புதான். அம்மா அளவு ஸ்டாக் இல்லை, பாதம் வரைந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். மாடலும் ஒன்றேதான். "இதைப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு எப்படிடா போறது?" என்ற கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

ஊரில் பெற்றோருக்கு செக்கப் புக் செய்கிறவர்கள், காலில் உணர்ச்சி பார்ப்பார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.