வீங்கிய காலுக்குக் கையா, கருவியா, காலுறையா?

நாள் முழுக்க நின்றபடியோ உட்கார்ந்தபடியோ வேலை பார்ப்பவர்களுக்குச் சாயங்காலம் கணுக்காலில் நீர் கோத்துக்கொள்கிறது. செருப்பைக் கழற்றி அரை மணி நேரம் ஆனாலும் வார் பதிந்த தடம் மறைவதில்லை. இதற்குத் தீர்வு என்று நிணநீர் மசாஜின் பெயரில் பல வழிகள் சொல்லப்படுகின்றன: கையால் மென்மையாகச் செய்வது, காற்று நிரம்பிக் காலை அமுக்கும் காற்றழுத்த பூட்ஸ், இறுக்கக் காலுறை, உலர் பிரஷ், தோலில் தேய்க்கும் தட்டையான குவா ஷா கல், எண்ணெய் உழிச்சல். இவற்றின் வேலையும் பலனும் ஒன்றுக்கொன்று ரொம்பவே மாறுபடும். எங்கள் கணிப்பில், அன்றாட வீக்கத்துக்கு முதலிடம் நடைக்கும் காலை உயர்த்தி வைப்பதற்கும்தான். அடுத்தது காலுறை. கை மசாஜ் மூன்றாவதாக வருகிறது, ஆனால் சரியாகச் செய்தால் காசு செலவில்லாமல் நல்ல இதம் தரும்.

ரத்தக்குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதி நிணநீராகச் சேர்ந்து, அதை வடிகட்டும் சிறு முடிச்சுகளான நிணக்கணுக்கள் வழியாக மேலேறி, கடைசியில் காரை எலும்புக்குப் பின்னால் ஓடும் பெரிய சிரைகளில் கலக்கிறது. இரண்டு கால்கள், வயிறு, இடது கை, மார்பின் இடப்பக்கம், தலையின் இடப்பக்கம் ஆகியவற்றின் நிணநீர் இடது பக்கமாகவும், மற்றது வலது பக்கமாகவும் போய்ச் சேரும். இந்தக் குழாய்களுக்கு இதயம் போலத் தனி பம்ப் கிடையாது. குழாயின் சுவர் தானாகச் சுருங்கி விரிவதும், பக்கத்துத் தசைகள் அசைவதும், மூச்சு இழுத்து விடுவதும்தான் அதைத் தள்ளுகின்றன. நிணநீர் புறப்படும் நுண்குழாய்கள் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன. அதனால்தான் அழுத்திப் பிசையாமல் தோலை மட்டும் இழுத்துவிடும் முறை வந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வாடரும் அவர் மனைவி எஸ்ட்ரிடும் 1930களில் பிரான்சின் கான் நகரில் இதை உருவாக்கி, 1936ல் பாரிஸில் அறிமுகப்படுத்தினார்கள்.

இதனால் எடை குறையும், உடம்பிலுள்ள நச்சு வெளியேறும் என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. நகர்த்தப்பட்ட நீர் ரத்தத்துக்குத்தான் திரும்புகிறது. கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்.

கையால் செய்வது

பலரும் தவறுவது வரிசையில். கால் வீங்கியிருக்கிறது என்று கணுக்காலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். மேலே வழி அடைத்திருக்கும்போது கீழிருந்து தள்ளிப் பயனில்லை. முதலில் காரை எலும்புக்கு மேலுள்ள குழியில் இரண்டு விரல்களைத் தட்டையாக வையுங்கள். தோலை உள்நோக்கிக் கீழே மெல்ல இழுத்து, பிறகு விட்டுவிடுங்கள். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது, தோலே விரலோடு நகர வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒன்றிரண்டு விநாடி, பத்து முறை. அடுத்து வயிறு உப்பும்படி ஐந்து ஆழ்ந்த மூச்சு. பிறகு தொடை இடுக்கில் பத்து முறை. அதன்பின் தொடையின் மேல்பகுதி, தொடையின் கீழ்ப்பகுதி, முழங்காலின் பின்மடிப்பு, ஆடுசதை, கணுக்கால், புறங்கால் என்று இறங்கி வாருங்கள். எந்த இடத்தில் செய்தாலும் இழுக்கும் திசை மேல்நோக்கியே இருக்க வேண்டும். முடிவில் தொடை இடுக்கை இன்னொரு தடவை செய்து நிறுத்தலாம். ஒரு காலுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

அழுத்தம் சரியா என்று அறிய ஒரு வழி உண்டு. செய்து முடித்தபின் தோல் சிவந்திருந்தால் அழுத்தம் அதிகம். அடியில் தசை கையில் தட்டுப்பட்டாலும் அதிகம்தான். எண்ணெய் தடவக் கூடாது, தடவினால் பிடிமானம் போய்விடும், தோல் இழுபடாது.

பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கையால் செய்துகொள்வது இதைவிட நன்றாக இருக்கும், குறிப்பாக முதுகு, அக்குளின் பின்புறம் போன்ற, நம் கை எட்டாத இடங்களுக்கு. ஆனால் சாதாரணக் கால் வீக்கத்துக்கு வாராவாரம் அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை. ஒன்றிரண்டு தடவை போய் அழுத்தத்தையும் வரிசையையும் கற்றுக்கொண்டு வந்தாலே போதும்.

எண்ணெய் உழிச்சலோடு ஒப்பிட்டால்

நம் ஊர் எண்ணெய்த் தேய்ப்பும் கேரள உழிச்சலும் தசைப்பிடிப்புக்கும் உடல் அசதிக்கும் அருமையானவை. ஆனால் வேலை வேறு. அழுத்தித் தேய்க்கும்போது அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, சூடேறுகிறது, நீர் கசிவதும் கூடுகிறது. நல்ல காலுக்கு அது பிரச்சினையில்லை. நிணநீர் வடிகால் ஏற்கெனவே பழுதான காலிலோ, மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணக்கணுக்கள் எடுக்கப்பட்ட கையிலோ இப்படி அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடக்கூடும். அன்போடு செய்துவிடும் வீட்டுப் பெரியவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.

காலுறையும் பூட்ஸும்

மசாஜால் நகர்ந்த நீர் திரும்பி வராமல் தடுப்பது வெளியிலிருந்து தரும் அழுத்தம். மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் கைவீக்கம் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015ல் வெளியிட்ட மதிப்பாய்வில் இது தெளிவாகத் தெரிகிறது. இறுக்கக் கட்டு மட்டுமே வீக்கத்தை 30 சதவீதத்துக்கு மேல் குறைத்தது. கை மசாஜும் சேர்ந்தபோது கூடுதலாகக் கிடைத்தது சுமார் 7 சதவீதம். பெரிய பங்கு கட்டுக்கு, சிறிய பங்கு கைக்கு.

அன்றாட வீக்கத்துக்கு முதல் வகுப்புக் காலுறை பெரும்பாலும் போதும். ஜெர்மன் அளவுப்படி கணுக்காலில் அதன் அழுத்தம் 18 முதல் 21 மி.மீ. பாதரசம். இரண்டாம் வகுப்பு 23 முதல் 32 வரை, அதை மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம். செருப்பு அளவைச் சொல்லிக் காலுறை வாங்குவது தப்பு. கணுக்காலின் மிக ஒடுங்கிய சுற்று, ஆடுசதையின் மிகப் பருத்த சுற்று, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம், இந்த மூன்றையும் காலையில், வீக்கம் ஏறுமுன் அளக்க வேண்டும். போடுவதும் காலையில்தான். மேல் விளிம்பு நீளமாக இருக்கிறதென்று மடித்து விடுகிறவர்கள் உண்டு. மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, கயிறு கட்டியது போல ஆகிவிடும். சர்க்கரை நோயோ, நடந்தால் ஆடுசதை வலியோ இருப்பவர்கள் காலின் தமனி ஓட்டத்தைப் பரிசோதித்துவிட்டே போட வேண்டும். நம் வெயிலில் இதை நாள் முழுக்கப் போடுவது சிரமம்தான். நிற்கும் நேரத்துக்காவது போட்டால் பலன் உண்டு.

காற்றழுத்த பூட்ஸ் போட்டால் சுகமாக இருக்கும், கைவலி இல்லை. ஆனால் அது காலை மட்டுமே அமுக்குகிறது, இடுப்புக்கு மேல் வழி திறப்பதில்லை. நிணநீர் வடிகால் பழுதாகி வரும் நிணநீர் வீக்க நோயாளிகளில் சிலருக்குக் கால் வடிந்து தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பிலும் வீக்கம் வருவது இதனால்தான். ஆரோக்கியமானவருக்குத் தேவையில்லாத செலவு. நடக்க முடியாதவருக்கு மருத்துவர் பரிந்துரைத்தால் உதவும்.

பிரஷ், கல்

உலர் பிரஷ் இறந்த தோலை உதிர்க்கும், அவ்வளவுதான். வறண்ட தோலில் அது போடும் கீறல் வழியாகக் கிருமி நுழையலாம் என்பதால் வீங்கிய காலில் வேண்டவே வேண்டாம். குவா ஷா கல்லும் ரோலரும் காலையில் உப்பிய முகத்துக்குச் சில மணி நேரம் உதவும். குளிர்ச்சிக்கும் அதில் பங்கு உண்டு. முந்தைய இரவு ஊறுகாய், அப்பளம் குறைத்தாலும் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

நடை

ஆடுசதை சுருங்கும் ஒவ்வொரு முறையும் சிரையும் நிணக்குழாயும் பிழியப்படுகின்றன. எந்த மசாஜும் இதற்கு ஈடில்லை. நிற்கும் வேலையில் இருப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்கலாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது, அதைக் கேட்டுப் பெறுவது உரிமை. வீட்டுக்கு வந்ததும் இதய மட்டத்துக்கு மேல் காலை இருபது நிமிடம் உயர்த்தி வைத்து, பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நீச்சல் குளம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு மீட்டர் ஆழத்தில் நின்றால் பாதத்தில் நீரின் அழுத்தம் சுமார் 74 மி.மீ. பாதரசம், மேலே வர வரக் குறையும். எந்தக் காலுறையும் இவ்வளவு சீராகப் படியாது.

எதுவும் செய்யாமல் மருத்துவரிடம் போக வேண்டியவை

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், மசாஜ் செய்தால் ஆபத்து. சிவந்து சூடாகிக் காய்ச்சல் அடித்தால் தொற்று. மூச்சுத்திணறலோடு இரண்டு காலும் வீங்கினால் இதயத்தையும், முகமும் சேர்ந்து வீங்கினால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது கால்விரல் பாதத்தோடு சேரும் இடத்தில் மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்க வராவிட்டால் அது அன்றாட வீக்கமல்ல, நிணநீர் வீக்கம். யானைக்கால் நோயாளிகளுக்கு எந்த மசாஜுக்கும் முன்னால் வருவது தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போக ஒற்றித் துடைத்து, வெடிப்புக்கு மருந்து தடவுவது. அடிக்கடி வரும் நெறிக்காய்ச்சலைக் குறைப்பது அதுதான்.

எந்த முறை உங்களுக்கு வேலை செய்கிறது என்று அறிய ஒரு தையல் டேப் போதும். குதிகாலிலிருந்து 10, 20, 30 செ.மீ. உயரத்தில் பேனாவால் புள்ளி வைத்து, ஒரு வாரம் காலையும் மாலையும் சுற்றளவைக் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் ஒரே ஒரு முறையை மட்டும் சேர்த்து அளவுகளை ஒப்பிடுங்கள். ஒரே வாரத்தில் மசாஜும் காலுறையும் சேர்ந்தால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.