தரையில் திருகுவதா, காற்றில் திருகுவதா?

ஜிம்னாஸ்டிக்ஸில் பின்பல்டியோடு ட்விஸ்ட் (உடம்பு நீளவாக்கில் தன்னைத்தானே சுற்றும் திருகு) போடப் பழகும் பிள்ளைகள் கால் உதைத்து எழும்பும் இடத்தில் கொஞ்சம் சாக்பவுடர் தூவிவைப்பேன். (குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பவுடர் கட்டிதட்டிப்போகும், அது தனிக் கஷ்டம்.) எழும்பின பிறகு மேட்டை (கீழே விரித்திருக்கும் மெத்தையை)ப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். தடம் பிறை மாதிரி இழுபட்டிருந்தால் பிள்ளை தரையிலேயே திருகிவிட்டது. இரண்டு பாதமும் நேராகப் பதிந்திருந்தால் திருகு காற்றில் நடந்திருக்கிறது.

தரைத் திருகு சீக்கிரம் வரும். தோளைத் திருப்பிக்கொண்டே உதைத்தால் போதும், சில நாளிலேயே முழுச்சுற்று சுற்றிவிடுவார்கள். பெற்றோருக்கும் சந்தோஷம். ஆனால் உதைக்கும்போதே திரும்புவதால் உயரம் குறையும், உடம்பு கோணலாகப் போகும். அதைவிடப் பெரிய சிக்கல், தரையில் வாங்கிய அந்தச் சுழற்சியைக் காற்றில் நிறுத்த முடியாது. கையை விரித்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். பாதம் மேட்டில் ஊன்றிய பிறகும் மேலுடம்பு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த முறுக்கு முழுவதும் முட்டியில்தான் போய் இறங்கும்.

காற்றுத் திருகில் முதலில் நேராக எழும்ப வேண்டும். பல்டி சுழலத் தொடங்கியதும் ஒரு கை மேலேயே இருக்க, மற்றதைப் பக்கவாட்டில் சரேலென்று இறக்கினால் உடம்பு லேசாகச் சாயும். அந்தச் சாய்வுதான் பல்டியின் சுழற்சியில் ஒரு பங்கைத் திருகாக மாற்றுகிறது. கையைச் சரிசெய்து சாய்வை எடுத்துவிட்டால் திருகும் நின்றுவிடும். இறங்கும்போது தரை கண்ணில் படும். ஆனால் உடம்பை வளைக்காத நேர்பல்டி பழுதில்லாமல் வந்த பிறகே இதைத் தொட முடியும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அரைச்சுற்றோடு நிறுத்திக்கொள்கிற பிள்ளைக்குத் தரைத் திருகே போதும் என்பேன். முழுச்சுற்றும் அதற்கு மேலும் என்றால் காற்றுத் திருகுதான்.

எந்த முறையானாலும் திசை ஒன்றாக இருக்க வேண்டும். தலைகீழாக நின்று திரும்பும்போது இடப்பக்கம், குதித்துத் திரும்பும்போது வலப்பக்கம் என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 2021-இல் டோக்கியோவில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் வால்ட்டில் (ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாவும் போட்டியில்) இரண்டரைச் சுற்றுக்கு எழும்பி, ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போனது. அவருக்கே அப்படியென்றால் பத்து வயதுப் பிள்ளையைக் குழப்பலாமா?

தரைத் திருகு ஊறிப்போன ஒரு சிறுமியை வெறும் நேர்பல்டிக்குத் திருப்பி அனுப்பினேன். "வந்ததையும் மறக்க வெச்சுட்டீங்களே சார்" என்றார் அவள் அம்மா. போன வாரம் அவள் எழும்பின இடத்தில் பிறை இல்லை.