அரிட்டாபட்டியில் ஒரு காட்டுப்பூ நடை: சென்று வந்தவரின் மதிப்பீடு

மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசி ஞாயிறன்று, மதுரையில் இயங்கும் ஒரு சிறு குழு நடத்தும் காட்டுப்பூ நடையில் சேர்ந்து அரிட்டாபட்டிக்குச் சென்று வந்தேன். தலைக்கு 400 ரூபாய். மாட்டுத்தாவணியிலிருந்து வேன், காலை உணவு, வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது; பொங்கலும் சூடாகவே இருந்தது.

மேலூர் வட்டத்தில் உள்ள இவ்வூரின் குன்றுகளை, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. பெரும்பாலோர் வல்லூறையும் தமிழ்பிராமிக் கல்வெட்டையும் காணவே வருகிறார்கள். சித்திரையில் வந்தால் வேறெதுவும் கண்ணில் படாது. கால் சுடும் வெறும் பாறைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை பாறைச் சரிவில் வழிந்து, இடுக்குகளிலும் குழிகளிலும் விரற்கடை ஆழமே உள்ள மண்ணில் தேங்கும்போது, அதுவரை உறங்கிக் கிடந்த விதைகள் முளைத்து, ஈரம் வற்றுவதற்குள் பூத்துக் காய்த்து முடித்துவிடுகின்றன. பாலைவனப் பள்ளத்தாக்குகளின் வசந்தத்தைப் படத்தில் பார்த்து ஏங்கியவள் நான். நம் ஊர் வசந்தம் கார்த்திகையில் வருகிறது என்பதை இந்த நடையில்தான் உணர்ந்தேன்.

இந்த நடையின் சிறப்பு அதன் வழிகாட்டி. அந்தப் பக்கத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். “நின்னா தெரியாதும்மா, உக்காந்து பாருங்க” என்று அவர் சொன்ன இடத்தில் அமர்ந்தபோதுதான், வெறும் புல் என்று நான் தாண்டவிருந்த திட்டில் விஷ்ணுகிராந்தியின் நீலம் சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக விரிந்திருப்பது தெரிந்தது. பக்கத்திலேயே ஓரிதழ்த்தாமரை: மற்ற இதழ்களெல்லாம் ஒடுங்கிப்போக, ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாக அகன்று நிற்கிறது. புதரோரத்துச் செங்காந்தளைக் காட்டி, அதன் இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அடுத்த செடியைப் பிடித்து ஏறுவதையும், மஞ்சளாக விரியும் இதழ் நாளாக ஆகச் சிவப்பதையும் பொறுமையாக விளக்கினார். கிழங்கோடு பறித்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டபோது, அது உயிரைக் குடிக்கும் நஞ்சு என்று சொல்லி உறுதியாகத் தடுத்தார். காப்புக் கட்டுவதற்காகச் சந்தையில் கட்டாக வாங்கும் பூளைப்பூவை, வெண்பஞ்சுக் கதிர்களோடு நின்ற இடத்திலேயே பார்த்தது எனக்குத் தனி மகிழ்ச்சி.

குறை என்றால் நடையின் வரிசையைத்தான் சொல்ல வேண்டும். முதலில் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், பிறகு கழிஞ்சமலைச் சமணர் குகைத்தளமும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும், அதற்கும் பிறகே பாறை மேல் ஏற்றம் என்று அமைத்திருக்கிறார்கள். நாங்கள் மேலே சேரும்போது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. உச்சிப்பொழுதுக்குள் கூம்பிவிடும் விஷ்ணுகிராந்தியில் பாதி அதற்குள் சுருங்கத் தொடங்கியிருந்தது. கல்வெட்டு மாலை வரை காத்திருக்கும். இந்தப் பூக்கள் காத்திரா. பூ நடை என்று பெயர் வைத்துவிட்டு, பூவைக் கடைசியில் காட்டுவது முறையன்று.

இன்னொன்று, அதைவிட எனக்கு வருத்தம் தந்தது. இருபத்தெட்டுப் பேரை ஒரே அணியாக அழைத்துச் சென்றார்கள். குழியோர மண் மழைக்கு மழை இம்மியளவாகச் சேர்ந்தது. படமெடுக்கும் அவசரத்தில் அதன்மேல் செருப்புக் கால்கள் ஏறியதைப் பார்க்க மனம் பதைத்தது. வழிகாட்டி ஒருவரால் அத்தனை பேரையும் கவனிக்க முடியவில்லை. பத்துப் பேருக்கு மேல் சேர்க்காமல், வேண்டுமானால் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளுங்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் நேரிலேயே சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள்.

அப்படியிருந்தும் அந்த வழிகாட்டிக்காகவே போகலாம் என்பேன். தை பிறந்தால் பாறைக்குழிகள் காய்ந்துவிடும், அதற்குள் போய்விடுங்கள். பதிவு செய்யும்போதே, பாறையேற்றத்தை முதலில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.