30/12 எவ்வளவு? பைத்தான் வழியும் ஜாவா வழியும்

எங்கள் குடோன் மென்பொருளின் ஒரு பகுதியைச் சமீபத்தில் புதிதாக எழுத வேண்டியிருந்தது. பைத்தான், ஜாவா என்ற இரண்டு நிரல் மொழிகளில் எது என்று குழுவில் பேசி, கடைசியில் ஜாவா 21-ஐ எடுத்தோம். வேகம், லைப்ரரி, ஆள் கிடைப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் வேலைக்கு இரண்டுமே போதும். என்னை ஜாவா பக்கம் இழுத்தது வேறு விஷயம். இன்று எழுதும் ஒரு வரி பத்து வருஷம் கழித்தும் இதே பொருளில் ஓடுமா?

இந்தக் கேள்வி 2019-இல் முளைத்தது. பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பழைய பைத்தான் 2-க்கு ஆதரவை நிறுத்த முதலில் வைத்த கெடு 2015. யாரும் எளிதில் நகர முடியாததால் அது 2020 ஜனவரி 1-க்குத் தள்ளிப்போனது. நாங்கள் மாறியது கடைசி மூன்று மாதங்களில். பிரிண்ட் வரிகளுக்கு அடைப்புக்குறி போடுவதையெல்லாம் பைத்தானோடு வந்த கருவியே செய்துவிட்டது. ஏதாவது விட்டுப்போனாலும் கோட் ஓடாமல் நின்று பிழை காட்டும், திருத்திவிடலாம்.

வகுத்தல்தான் வதைத்துவிட்டது. பைத்தான் 2-இல் 30/12 என்றால் மீதியை விட்டுவிட்டு 2. பைத்தான் 3-இல் அதே 30/12 என்றால் 2.5. பெட்டிக்கு 12 சோப்பு, கையில் 30 சோப்பு, முழுப் பெட்டி எத்தனை என்று பார்க்கும் வரி அது. அந்தக் கருவி வகுத்தலைத் தொடுவதில்லை. கோடும் நிற்காமல் ஓடியது. இரண்டு வாரம் கழித்து, சரக்கு ஏற்றுகிற அண்ணன் சீட்டோடு வந்து, "சார், இந்த ரெண்டரைப் பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அதற்குள் இருப்புக் கணக்கு முழுக்க அரையும் காலுமாக ஏறியிருந்தது. நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வகுத்தல் குறியாகத் தேடினோம். இப்படிப்பட்ட வரிகளை எச்சரிக்கும் வசதி 2.7-இலேயே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் அதை ஓட்டிப் பார்க்கவில்லை.

பைத்தான் 3-இன் நோக்கத்தில் எனக்குக் குறையே இல்லை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பழைய பைத்தான் பைட்டுகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் சின்ன அலகுகளை) எண்ணி 15 என்று சொல்லும். புதியது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று குறிகளை எண்ணி 5 என்கிறது. முன்பு ஒரு பெயரை 20 பைட்டில் வெட்டினால் ஏழாவது குறி நடுவில் உடைந்து, பில்லில் கட்டம் கட்டமாக விழும். தமிழில் பில் அடிப்பவர்களுக்கு அந்த மாற்றம் பெரிய விடுதலை. ஆனால் பழைய வரியின் பொருள் மாறுகிறதென்றால் அது சத்தம் போட வேண்டும்.

ஜாவா பெரும்பாலும் அப்படித்தான் வளர்ந்தது. 2004-இல் ஜெனரிக்ஸ் (ஒரு லிஸ்டில் எந்த வகைத் தரவு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் வசதி) சேர்த்தபோது, பழைய கோடும் புதிய கோடும் ஒன்றாக ஓட வேண்டும் என்பதற்காக, கம்பைல் ஆன பிறகு, அதாவது கோடை ஓடும் வடிவத்துக்கு மாற்றிய பிறகு, வகைத் தகவலை அழித்துவிடும்படி வடிவமைத்தார்கள். வெறும் எண்களை நேரடியாக ஒரு லிஸ்டில் போட முடியாத தொல்லை இன்றும் அதனால் உண்டு. லாம்டாவுக்கு, அதாவது பெயர் வைக்காமல் அங்கேயே எழுதும் சின்னச் செயல்பாட்டுக்கு, 2014 வரை காத்திருந்தோம். சி ஷார்ப் என்ற இன்னொரு மொழியில் அது 2007-லேயே வந்துவிட்டது. சரி, தாமதம்தான். ஆனால் புதியதை முதலில் முன்னோட்டமாக விட்டுப் பார்க்கும் அவர்களின் இப்போதைய பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாக்கியத்துக்குள் மதிப்புகளை நேரடியாகப் பதிக்கும் ஸ்டிரிங் டெம்ப்ளேட் 21, 22 வெர்ஷன்களில் முன்னோட்டமாக வந்தது, சரிப்படவில்லை, 23-இல் எடுத்துவிட்டார்கள். தனியாக அனுமதி கொடுத்து இயக்கியவர்களைத் தவிர யாருக்கும் பாதிப்பில்லை.

ஜாவாவும் உடைத்திருக்கிறது. 8-லிருந்து 11-க்குப் போனபோது எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவத்தைப் படிக்கும் ஒரு பகுதியையே நீக்கியிருந்தார்கள். கோடைத் தொகுக்கும் பில்ட் வேலை உடனே நின்றது. அந்த லைப்ரரியைத் தனியாகச் சேர்த்தோம், சாயங்காலத்துக்குள் முடிந்தது. 2022-இல் ஜாவா 18 கோப்புகளை இயல்பாகவே யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் படிக்கத் தொடங்கியது மட்டும் சத்தமில்லாத மாற்றம். எங்கள் சர்வர்கள் ஏற்கெனவே யுடிஎஃப்-8-இல் இருந்த லினக்ஸ் என்பதால் எங்களைத் தொடவில்லை. விண்டோஸில் பழைய கோப்புகளை வைத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

ரஸ்ட் என்ற மொழி இதற்கு இன்னும் அழகான வழி வைத்திருக்கிறது. 2015, 2018, 2021, 2024 என்று பதிப்புகள். எந்தப் பதிப்பின் இலக்கணம் வேண்டும் என்பதை ஒவ்வொரு பொதியும் தானே அறிவிக்கும், பழையதும் புதியதும் ஒரே நிரலில் சேர்ந்து ஓடும். நான் அதில் எழுதியது ஒரே ஒரு சின்னக் கருவி. பத்து வருஷக் கோடை அதில் பராமரித்ததில்லை. அதனால் அதற்கு மேல் பரிந்துரைக்கத் துணியவில்லை.

புதிய கோடில் அந்தப் பெட்டிக் கணக்கை நானே எழுதினேன். 30/12. ஜாவாவின் முதல் வெர்ஷனிலும் அது 2, இருபத்தொன்றிலும் 2.