திருகோணமலையில படம் எடுக்க சிபிஎல் பில்டர் தேவையா?

ஆத்தோரம், கடலோரம் படம் எடுக்கிற ஆக்களுக்கு இந்த சிபிஎல் (லென்ஸுக்கு முன்னால பூட்டி, மினுக்கத்தக் குறைக்கத் திருப்பிற போலரைசர் கண்ணாடி) கட்டாயம் வேணும் எண்டுதான் சொல்லுவன். என்ரது 67 மில்லிமீற்றர் விட்டம், பேர் தெரியாத மலிவுச் சாமான். கிண்ணியாப் பாலத்தில நிண்டு பாத்தா வெய்யிலுக்கு தண்ணி முழுக்க வெள்ளையா மினுங்கும், பில்டர் வளையத்த மெல்ல மெல்லத் திருப்ப அந்த மினுக்கம் அப்பிடியே செத்துப்போய் தண்ணியின்ர பச்சை தெரியும், கரையில ஆழமில்லாத இடத்தில கிடக்கிற கல்லும் சிப்பியும் கூடத் தெரியும், பிறகு போட்டோஷொப்பில எவ்வளவு நோண்டினாலும் இது வராது. ஆனா சூரியன் பக்கவாட்டில, தோளுக்கு நேரா நிக்கோணும். டச்சுக்குடாவில சூரிய உதயத்த நேர எடுக்கப் போறீங்கள் எண்டா கழட்டி பொக்கற்றில வையுங்கோ.

ஒண்டு ரெண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் எண்டா வெளிச்சம் பாதியாக் குறையும்) வெளிச்சத்தக் குடிக்கும், மங்கல்ல ஐஎஸ்ஓவ (கமராவின்ர ஒளி உணர்திறன்) ஏத்தோணும். வைட் லென்ஸில வானம் ஒரு பக்கம் மட்டும் கருநீலமா வரும், பாக்கச் சகிக்காது.

பெரிய கரைச்சல் உப்புக்காத்து. வளையம் இறுகிச் சுத்தவே மாட்டன் எண்டு நிக்குது, வித்த கடைக்காரர் "அது அப்பிடித்தான் தம்பி" எண்டிட்டார். அடுத்தது கொஞ்சம் காசு போட்டு பித்தளை வளையம் உள்ளதாத்தான் எடுப்பன்.